கைப்பிடியில் தொங்கிய சட்டை

பூங்காவின் நடுவே இருக்கும் நீரூற்றுக்குக் கீழே ஓர் இருட்டுத் தொட்டி இருக்கிறது. தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. பாட்டுக்கு ஆடும் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கோ மிருகக்காட்சிச் சாலைக்கோ போய்விடுவார்கள். ஆடி முடித்த தண்ணீரெல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் விழுகிறது. அங்கிருந்து மோட்டார் அதை உறிஞ்சி மறுபடி மேலே அனுப்புகிறது. உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் இலை அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கித் தேய்க்க வேண்டும். இறங்குவது என் மாமா, அம்மாவின் தம்பி.

இறங்குவதற்கு முன் மாமா சட்டையைக் கழற்றி, மோட்டார் அறையில் இருக்கும் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிடுவார். கைப்பிடியில் சட்டை இருந்தால் தொட்டியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஏறி வந்து அவரே எடுக்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. மாமாவின் சட்டை ஆரஞ்சுக் கட்டம் போட்டது.

“ஏரோப்ளேன்ல போறவனுக்கும் தெரியும்டா மாப்ளே உன் சட்டை” என்பார் மோட்டார்க்காரர்.

“உங்க தொப்பைக்கு முன்னாடி இது எம்மாத்திரம்ணே” என்பார் மாமா.

வெளிநாட்டு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று இந்த வாரம் எல்லாருக்கும் புதுச் சீருடை கொடுத்தார்கள். காவலாளிக்கும் தோட்டக்காரருக்கும் மாமாவுக்கும் மோட்டார்க்காரருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொளதொளப்பு. கந்தல் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

விருந்தாளிகள் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்குச் சோதித்துப் பார்த்தபோது நடுத்தாரை கோணலாக எழும்பியது; சல்லடையில் இலை அடைத்திருந்தது. மாமா மோட்டார் அறைக்குப் போய்ப் புதுச் சட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, நீரூற்றுத் தடாகத்தின் ஓரத்தில் இருக்கும் மூடியைத் திறந்து இறங்கினார். யாரும் தடுக்கி விழாமலிருக்க மூடியைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த நேரம் மோட்டார்க்காரர் புழுக்கம் தாளாமல் வெற்றுடம்போடு அறைக்குப் பின்னால் விளக்கு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அறைக்குள் ஆணியில் தொங்கிய அவருடைய சட்டை நழுவி, அங்கிருந்த பேட்டரிப் பெட்டிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததை அவர் பார்க்கவில்லை. மாமா இறங்கியதை நாங்கள் பார்த்தோம்; சட்டை விழுந்த கதை பிறகுதான் தெரிந்தது.

நானும் அம்மாவும் தடாகத்தைச் சுற்றி இலை பெருக்கிக்கொண்டிருந்தோம். எட்டாவதோடு நின்றதிலிருந்து நான் அம்மாவோடுதான் வருகிறேன். ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. பெருக்குவதற்குப் பேச வேண்டியதில்லை.

மூன்றரைக்கே கார்கள் வந்துவிட்டன. சூப்பர்வைசர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

“சட்டையைப் போடுய்யா! வந்துட்டாங்க! பாட்டைப் போடு!”

மோட்டார்க்காரர் அறைக்குள் பாய்ந்தார். சட்டையை மாட்டிக்கொண்டே கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். கடைசிப் பொத்தானில் வெள்ளை நூல் தெரிந்தது. காலையில் நீல நூல் கிடைக்காமல் நான் வெள்ளை நூலில் தைத்த பொத்தான் அது. மாமாவின் சட்டை.

கத்தத்தான் நினைத்தேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. கைப்பிடி இறங்கியதும் காலடியில் சிமெண்டு அதிர்ந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தடுப்புக் கயிற்றைத் தாண்டித் தடாகத்துக்குள் குதித்தேன். நாலாபுறமும் தாரைகள் எழும்பி முகத்தில் அறைந்தன. ஜன்னலுக்கு நேராக நின்று என் வயிற்றைத் தொட்டுத் தொட்டு அவரைக் காட்டினேன். போ, போ என்று அவர் கையை வீசினார். நான் நகரவில்லை. கடைசியில் அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

தண்ணீர் அறுந்து விழுந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மா மூடியை இழுத்துத் தள்ளினாள். முதலில் ஒரு கைதான் வெளியே வந்தது. குழாய் உறிஞ்சி இழுத்ததில் மணிக்கட்டைச் சுற்றித் தோல் வழன்றிருந்தது. பிறகு மாமாவின் தலை. விருந்தாளிகள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

“கண்ணு தெரியாத பாவிங்களா! ஆளை முழுங்கப் பார்த்தீங்களேடா!” என்றாள் அம்மா.

“அக்கா, சும்மா இரு” என்றார் மாமா. பல் கிட்டித்திருந்தது.

மோட்டார்க்காரர் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். “ஆணியில என்னோடதைக் காணோம், அவசரத்துல இதை என்னோடதுன்னு நெனச்சுட்டேன் மாப்ளே” என்றார். மாமா வாங்கவில்லை.

விருந்தாளிகளை ரோஜாத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு சூப்பர்வைசர் வந்தார்.

“சல்லடை முடிஞ்சுதா?”

“பாதி சார்.”

“அரை மணியில திரும்பி வருவாங்க. எறங்கு. நடந்ததை வெளிய பேசினா ஒருத்தருக்கும் நாளைக்கு இங்க வேலை இருக்காது, சொல்லிட்டேன்.”

“கையைப் பாருங்க சார், தோலே வழண்டிருக்கு” என்றாள் அம்மா.

“இன்னொரு கை இருக்குல்ல.”

மாமா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். நான் யாரையும் கேட்காமல் மோட்டார் அறைக்குள் போய், கைப்பிடிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். மோட்டார்க்காரர் தரையில் உட்கார்ந்துகொண்டார். சுவருக்குள் போகும் குழாய் வழியாக பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. அது கேட்கிறவரை மாமா இருக்கிறார்.

வெளியே மறுபடி பேச்சுக்குரல்கள் நெருங்கின. சூப்பர்வைசர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நீ என்ன இங்க? தள்ளு.”

“மாமா இன்னும் மேல வரலை” என்றேன்.

“அட, இதுக்கு வாய் இருக்கா? அவன் இந்நேரம் ஏறியிருப்பான். தள்ளுன்னா தள்ளு.”

“சார், ஒரு நிமிஷம், நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று மோட்டார்க்காரர் எழுந்தார்.

“ஒரு நிமிஷமா? அங்க நிக்கிறது யாருன்னு தெரியுமாய்யா?”

பிரஷ் சத்தம் நின்றது. ஏறுகிறாரா, மூச்சு வாங்க நிற்கிறாரா என்று தெரியவில்லை. குழாயில் காதை வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. என் தோளுக்கு மேலாக சூப்பர்வைசரின் கை கைப்பிடியை நோக்கி வந்தது.

நான் கத்தினேன். வெளியே பேச்சுக்குரல்கள் நின்றன; கைப்பிடிக்குப் போன கையும் பாதியில் நின்றது.