ஒன்பதாம் பாகத்தில் என்னைக் கடித்த விதம்

'கோரைப்பல் ஜமீன்' படத்தை ஒவ்வொரு பாகம் எடுக்கும்போதும் எங்கள் தெருவிலிருந்துதான் ஒரு பெண்ணைக் கடிப்பார்கள். தெருவில் நாலு வீடு. முறை வைத்துப் போகும். எங்கள் வீட்டுக்கு ஒன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தாம் பாகத்தில் என் மாமியாரைக் கடித்தார்கள். ஒன்பதில் நான்.

கடிபட்டவளுக்குப் படக் கம்பெனி ஒரு தேக்குப் பெட்டி கொடுக்கும். பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் அவள் அதற்குள் மூடிக்கொண்டு தூங்கலாம். யாரும் எழுப்பக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் பெட்டியோடுதான் தூக்க வேண்டும். கடித்தவர் கூப்பிட்டால் மட்டும் எழுந்து போக வேண்டும், அது சட்டம். ஆனால் எல்லாப் பாகத்திலும் கடிக்கிற ஜமீன் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. அவருக்கு மறதி.

அத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பகலில் தூங்குகிறார். விளக்கு வைக்கிற நேரத்தில் மூடியைத் தள்ளிவிட்டுக் கொண்டையை முடிந்துகொண்டு வருவார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

சொல்வேன்.

"நேத்தும் அதத்தான வச்ச."

எனக்குப் பூரணி பிறந்து அப்போது நாலு மாதம். அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவாள். பகல் ராத்திரி கிடையாது. ஒருநாள் சோறு வடிக்க நின்றவள் நின்றபடியே தூங்கிவிட்டேன், சோறு குழைந்து கூழாகிவிட்டது. அந்தக் கூழை இன்னமும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் ஒன்பதாம் பாகம் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டவில்லை. எனக்கு எதையும் வெளியே காட்டத் தெரியாது.

என் வீட்டுக்காரர் முப்புடாதி செருப்புக்கடை வைத்திருக்கிறார். நானும் தூங்கிவிட்டால் பகலில் யார் சமைப்பது என்று ரெண்டு நாள் யோசித்தார். நாங்கள் வேண்டாம் என்றால் முறை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள், "மொறைனு ஒண்ணு இருக்குல்லா" என்றார். அதோடு முடிந்தது.

கடிபடப் போகிறவள் நாற்பது நாள் பூண்டு சேர்க்கக் கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்குப் பூண்டுதான் பால். நிறுத்தினால் குறையும் என்று எனக்குத் தெரியும். குறைந்தது. பூரணி கால் மணிக்கு ஒரு தரம் கூப்பிட ஆரம்பித்தாள். நாற்பது நாள்தானே, அப்புறம் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அழுகிற ஒவ்வொரு தடவையும் மீதி நாளை எண்ணிக்கொள்வேன்.

ஐந்தாம் பாகம் எடுத்தபோது பாழடைந்த பங்களாவும் புகையும் இடியும் பதினாறு குதிரைகளும் இருந்ததாக அத்தை சொல்வார். ஒன்பதாம் பாகத்தைக் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், எச்சில் இலை போடுகிற இடத்தில், காலை பதினோரு மணிக்கு எடுத்தார்கள். ஜமீனுக்கு இப்போது இருட்டென்றால் பயமாம். அவர் குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இட்லியைப் பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல் செட்டு பக்கத்தில் எவர்சில்வர் தம்ளரில் கிடந்தது.

டைரக்டர் சின்ன வயசு. முந்தின எட்டுப் பாகத்தையும் பார்க்கவில்லை, பார்த்தால் மனசில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார். ஜமீன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கழுத்தைப் பார்த்தார்.

"ரத்தம் இப்ப எனக்கு ஒத்துக்கிறதில்லம்மா. டாக்டர் உப்பக் கொறைக்கச் சொல்லிட்டாரு."

"விடுங்க சார், கடிச்ச மாதிரி வச்சுக்கலாம்" என்றார் டைரக்டர். குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

அந்நிய ஆளிடம் நான் பேசினது கிடையாது. கடைக்காரரிடம்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். அன்றைக்குப் பேசினேன்.

"நெசமாவே கடிங்கய்யா. நாப்பது நாளா பூண்டு சேக்கல."

ஜமீன் இட்லியைத் தள்ளி வைத்தார். தம்ளரிலிருந்து பல்லை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு என் கழுத்தில் வாயை வைத்தார். அப்புறம் முகத்தை எடுத்துக்கொண்டார், மேல் செட்டு மட்டும் என் கழுத்திலேயே நின்றது. குங்குமம் கொண்டுவந்தவர் அதைப் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தார். டைரக்டர் ஓகே என்றார். "மன்னிச்சுக்கோம்மா" என்றார் ஜமீன். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பெட்டி வந்தது. தேக்கு இல்லை, பிளைவுட்.

படம் வந்ததும் தெருவே தியேட்டருக்குப் போனது. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவர்கள் திரும்பவில்லை. பின்சீட்டில் ஒருத்தர், "இது ஜமீனா, ஜமீனோட அப்பாவா?" என்று கேட்டார். நான் நாலு தரம் கண் சிமிட்டுகிற நேரம் வந்தேன். அதுவும் பாதிக் காது. கடிக்கிற இடத்தில் ஒரு வௌவால் பறந்தது, அதன் நூல் தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் கைதட்டத் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும், தெருவில் கடிபட்ட பெண்கள் எல்லாரும் டார்ச் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் பெட்டியில் படுக்கலாம்.

"இது நகக்கீறல்" என்றார் ஆறாம் பாகத்துப் பெண்.

"எங்க பாகத்துல வெரல் நொழையும்" என்றார் எட்டாம் பாகத்துப் பெண்.

கடைசியில் எல்லாரும் அத்தை முகத்தைப் பார்த்தார்கள். அத்தை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வருத்தப்படாத தாயி. யாராச்சும் முழிச்சிருக்கணும்லா."

பிளைவுட் பெட்டியில் புளியும் மிளகாய்வற்றலும் போட்டு வைத்தார்கள். நான் மறுபடி பூண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் மாதம் பூரணிக்குப் பல் முளைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போலக் கீழே முளைக்கவில்லை. மேலே, ரெண்டு ஓரத்தில், ரெண்டு. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று என் அம்மா போனில் அழுதாள். தென்காசியில் இருக்கிற என் தம்பி அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறான். நான் தம்பியை நினைக்கவில்லை. பல்லைத்தான் பார்த்தேன். தினமும் குளிப்பாட்டும்போது விரலை வைத்துப் பார்ப்பேன்.

அது போதுமான அளவு வளர்ந்த அன்று மத்தியானம் தாலிக் கயிற்றைப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் வாய்ப்பக்கம் கழுத்தைக் கொடுத்துப் படுத்துக்கொண்டேன். பூண்டு வாசத்துக்கு அவள் முகம் சுளிக்கவில்லை. என் பாலில் அந்த வாசத்தோடுதானே வளர்ந்தாள். கடித்தாள். ஒன்பது பாகத்திலும் யாரும் அப்படிக் கடித்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் டார்ச்சுகள் வந்தன. எட்டாம் பாகத்துப் பெண் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நகம் மறையும் வரை போனது. அத்தைதான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து புளியை அள்ளி வெளியே வைத்தார்.

விடிந்ததும் படுத்தேன். அத்தை தன் மூடியைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டார்.

"கடிச்சது யாரு?"

"பூரணி."

"அப்போ சட்டம் தெரியும்லா?"

தெரியும் என்றேன். தெரிந்தும் அத்தனை மாதத் தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அத்தை மூடிக்கொண்டார். நானும் மூடினேன். மிளகாய் நெடி. நல்ல இருட்டு. கண்ணை மூடியதுதான் தெரியும். அரை மணியில் பூரணி கூப்பிட்டாள்.

முன்பெல்லாம் அவள் கூப்பிட்டால் காது கேட்காதது மாதிரி ரெண்டு நிமிஷம் கிடப்பேன். அந்த ரெண்டு நிமிஷம் எனக்கென்று இருந்தது. இப்போது முடியாது. கூப்பிட்டதுமே கால் தானாகப் போய்விடுகிறது. எழுந்ததுதான் எழுந்தாய், உலையும் வைத்துவிடு என்று என் வீட்டுக்காரர் அடுப்படி ஜன்னலுக்கு வெயில் வராமல் சாக்குக் கட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் நான் தெரிவதில்லை. நான் முன்னால் நின்றாலும் மறைக்காமல் தனக்குத் தலைசீவ வசதியாக இருக்கிறது என்கிறார்.

பெட்டி பிளைவுட் என்பதால் மழைக்கு ஊறி மூடி இறுகிவிட்டது. அதனால் ஒன்றுமில்லை. போன வாரத்திலிருந்து நான் இடுக்கு வழியாகப் புகையாக வெளியே வந்துவிடுகிறேன். புகையாக இருக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். நழுவுகிறாள். ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன்.