பட்டி பூசிய பொக்லைன்

இடுப்புக்குக் கீழே இரண்டு ஆணி அடித்தது போல் இருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனிய மனம் வரவில்லை. ஏறுமாறு என்று ஊரே கூப்பிடுகிற அவன், கடப்பாரையைக் குழியின் ஓரத்தில் சாய்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி முனகிக்கொண்டான். தண்ணீர் கொண்டுவந்த பெண்டாட்டிக்குக் கேட்டுவிட்டது.

“முனகு, நல்லா முனகு. கொட்டகையில மகாராணி ஒருத்தி மல்லாந்து படுத்திருக்காளே, அவளை எழுப்பி வேலை வாங்கறது?”

மகாராணி என்று அவள் சொன்னது பொக்லைன் வண்டியை. முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் பள்ளம் தோண்டும் கை. அவனும் அவள் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கிழட்டு வண்டி. கையைத் தூக்கும் பெரிய சிலிண்டரில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்ததில் இருந்து, தூக்கிய கை தூக்கிய இடத்தில் நிற்பதில்லை. தூங்கி வழிகிறவன் தலை மாதிரி மெல்லத் தொங்கிவிடும். ஒப்புக்கொண்ட குழாய்ப் பள்ளத்தை இப்போது அவனே கையால் தோண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலை மாற்றினால் போதும். சீலை மாற்ற வேண்டுமானால் சிலிண்டரின் மூடியைக் கழற்ற வேண்டும். மூடிதான் அசைந்து கொடுக்கவில்லை. மெக்கானிக் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டித் தொங்கினான்; மச்சினன் அவன் மேலேயே தொங்கினான். குழாய் வளைந்ததுதான் மிச்சம்.

“இது மரை வச்சுத் திருகின மூடியா, வேற ஏதாவதான்னே தெரியலை,” என்றான் மெக்கானிக். “தெரியாம அடிச்சா சிலிண்டர் வாய் பொளந்துக்கும். அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். முதல்ல இது யார் செஞ்ச வண்டின்னு கேட்டுட்டு வா.”

கேட்டான். ஸ்பேர் கடைக்காரர் போட்டோவை உற்றுப் பார்த்தார். “முகம் ஒரு கம்பெனி, வயிறு ஒரு கம்பெனி. வாலு எந்தக் கம்பெனின்னு அந்த வாலுக்கே தெரியாது போல இருக்கேப்பா!” அடுத்த கடையில் சிரிப்பு மட்டும் கிடைத்தது. அதற்கடுத்த கடையில் ஒருவர், இந்த மாதிரி கொஞ்ச வண்டிதான் வந்தது, செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள் என்றார். பேர்? அது அவருக்கும் மறந்துபோயிருந்தது.

பேர் பொறித்த தகடு ஒன்று வண்டியின் பின்பக்கம் இருக்கத்தான் இருந்தது. வண்டியை வாங்கிய புதிதில் இருவரும் துருவைச் சுரண்டி, நசுங்கல், கீறல், ஓட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். “இந்தத் தகடு இருந்தா வயசு தெரிஞ்சிடும் மாமா. புது மாப்பிள்ளை மாதிரி இருக்க வேணாமா?” என்று மச்சினன்தான் அதை நெம்பி எறிந்தான். இப்போது அதே மச்சினன் கொட்டகை மண்ணைக் கோழி மாதிரிக் கிளறிக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார்,” என்றாள் பெண்டாட்டி. “அதுக்குள்ள அவ எழுந்தா சரி. இல்லன்னா வெட்டி எடுத்துட்டுப் போகட்டும்.”

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. வண்டி போனால் மிச்ச காலம் முழுக்கக் கடப்பாரைதான். அந்தக் காலத்தை இந்த இடுப்பு தாங்காது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைசியில் மச்சினன் ஒரு வீடியோ எடுத்தான். ஏறுமாறு பின்சீட்டில் உட்கார்ந்து கையைத் தூக்க, அது தொங்க, மறுபடி தூக்க. ‘இது எந்த வண்டி? தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று வண்டி ஓட்டுகிறவர்களின் குரூப்பில் போட்டான். பதில் குவிந்தது.

“மியூசியத்துல கேளு.”

“வண்டி தெரியலை. ஓட்டுறவர் மூஞ்சியைப் பார்த்தா டீசல் தீர்ந்துபோச்சுன்னு மட்டும் தெரியுது.”

மறுநாள் காலை, வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் மச்சினனைப் போனில் கூப்பிட்டாள். கல் குவாரி ஒன்றில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவளாம்.

“வண்டியை விடுங்க. லீவர் போடுறவர் யாரு?”

“எங்க மாமாதான், அக்கா. ஏறுமாறுன்னு கூப்பிடுவாங்க.”

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணமே லீவர்தான். கையைத் தூக்க எல்லோரும் லீவரை இழுப்பார்கள், அவன் தள்ளுவான். வேறொருவர் வண்டியில் ஒருநாள் பழக்கதோஷத்தில் தள்ளப்போய், அந்த ஆள் வீட்டு வாசல் கேட்டையே பெயர்த்துவிட்டான். அவனைத் திட்டாதவர் பாக்கி இல்லை.

“லீவரைத் தள்ளறதை வீடியோவுல பார்த்தேன். தப்பு அவர் மேல இல்லப்பா, வண்டியே அப்படி,” என்றாள் அவள். “எங்கப்பா வண்டியும் இதே ஜாதகம்தான். தள்ளினாத்தான் தூக்கும். அந்த மூடியில மரையே கிடையாது. உள்ள ஒரு கம்பி வளையம் பூட்டியிருக்கும். சிலிண்டர் வாய்க்குப் பக்கத்துல நகம் நீளத்துக்கு ஒரு வெட்டு இருக்கா, பாருங்க.”

மச்சினன் தடவினான். “இல்லக்கா. வழவழன்னு இருக்கு.”

“இருந்தே ஆகணும். பட்டி கிட்டி பூசினீங்களா?”

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா கொட்டகைக் கூரையைப் பார்த்தான். அந்த வெட்டை விரிசல் என்று நினைத்து, கட்டைவிரலால் பட்டியை அழுத்தி, உப்புத்தாளால் ஆசை ஆசையாகத் தேய்த்தது அவனேதான்.

“அக்கா, லைன்லயே இருங்க,” என்று சொல்லிவிட்டு மச்சினன் உளியை எடுத்தான்.

மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது. வெட்டு தெரிந்தது. அதற்குள்ளே கம்பியின் நுனி. “கம்பி வர்ற வழி அடைச்சிருந்ததாலதான் மூடி அசையலை. இப்ப சுத்துங்க, கம்பி தானா வெளிய வரும்,” என்றாள். சுற்றினார்கள். எலி வால் மாதிரிக் கம்பி ஊர்ந்து வந்தது. மூடி கையோடு வந்துவிட்டது. “அட சண்டாளா! இதுக்கா நான் தொங்கினேன்?” என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்த மெக்கானிக். அளவெடுத்துப் போய்ப் பார்த்தால், சாதாரண டிப்பர் லாரி சீலே பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வெட்டும் சாமான்களோடு வந்து இறங்கினார். ஏறுமாறு கையைத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கி, டீ குடித்தான். இரும்புக்காரரும் குடித்தார். பெண்டாட்டி டீயைத் தொடாமல் அந்தக் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். கை இறங்கவில்லை.

“வந்த செலவு இருக்கேம்மா,” என்று இழுத்தார் அவர்.

அவள் வளைந்த குழாயைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். “இதை வச்சுக்கோங்கண்ணே.”

அன்றைக்கே ஏறுமாறு குவாரிப் பெண்ணுக்குப் போன் போட்டான். “அக்கா, உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க.”

“காசெல்லாம் வேணாம். எங்கப்பா வண்டி இங்க சேத்துல பாதிக்கு மேல புதைஞ்சு கெடக்கு. எடுக்க ஆள் கேட்டா யானை விலை சொல்றாங்க. உங்க வண்டியைக் கொண்டுவந்து தோண்டி எடுத்துக் குடுங்க, போதும்.”

“வர்ற வாரமே வந்துடறேன்.”

வருகிற வாரம் ஒரு வீட்டு அஸ்திவாரம் வந்தது. அதற்கடுத்து ஒரு கிணறு. அப்புறம் பெண்டாட்டியே பேசி முடித்த கால்வாய் வேலை. குவாரி அக்காவுக்கு ஒரு நாள் தோண்டும் வேலை அவன் இன்னும் பாக்கி.