மண் பார்த்து இறங்க வேண்டும்

வேலப்பநகரில் மெத்தை ஷூ போட்டு ஓடுகிறவர்கள், ஷூவைக் கழற்றிய பிறகும் அந்த மெத்தையின் உயரத்திலேயேதான் நிற்பார்கள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல், மூன்று விரல் இடைவெளி இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுப் பெண்களுக்கு அதில் ஒரு சௌகரியம்கூட உண்டு. புருஷன் நின்றுகொண்டு பேப்பர் படிக்கும்போது, நகரச் சொல்லாமலே அவர் காலடியில் கூட்டிவிடலாம். காலையில் பூங்காவைச் சுற்றி ஓடும் சங்கத்தார் ஒருவருக்கும் கால் தரையில் பாவாது. அந்த மிதப்பு அவர்கள் பேச்சிலும் கொஞ்சம் இருக்கும்.

சங்கத்திலேயே உயரமாக நின்றவர் சாந்தாமணியின் கணவர் நாச்சிமுத்து. நூல் மில்லில் மேற்பார்வை வேலை. வருஷத்துக்கு வருஷம் தடிமனான மெத்தையாகப் பார்த்து வாங்கினார். கடைசியில் மூட்டு இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்தன. சங்கத்துப் பயிற்சியாளர் திருமூர்த்தி முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, “மெத்தை போதுமுங்கண்ணா. கீழ எறங்கீருங்க,” என்றார். காலோடு தோல்போல ஒட்டிக்கிடக்கும் மெல்லிய ஷூ ஒன்றை வாங்கச் சொன்னார்.

இறங்குவதற்கு ஊரில் ஒரே முறைதான் உண்டு. மண்ணில் நின்று இறங்க வேண்டும். மெல்லிய ஷூவைப் போட்டதும் கால் கீழே போகத் தொடங்கும்; மண்ணைக் கண்டால் நின்றுகொள்ளும். மண்ணை ஒரு தடவை கண்ட கால் அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். காணாத காலுக்குச் சிமெண்டும் டைல்ஸும் கணக்கிலேயே வராது; அவை மூடிய மண்ணும் கண்ணில் படாது. தபாலாபீஸ் பத்மநாபன் முன்பு ரயில் பிளாட்பாரத்தில் நின்று இறங்கினார். இன்னும் மேலே வரவில்லை. அவர் சம்சாரம் மாதாமாதம் அவருக்கும் சேர்த்து அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் நாச்சிமுத்துவுக்குத் தெரியாததல்ல. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர்தான். ஆனால் ஷூ வந்த அன்றைக்குப் பார்த்து மழை. பூங்கா முழுக்கச் சேறு. ஷூவோ வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுசைக் கொண்டுபோய்ச் சேற்றில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. மாடி வீட்டு ஹாலில், மொசைக் தரையின் மேல், டிவிக்கு முன்னால் நின்று போட்டுக்கொண்டார்.

“அம்மணி, இங்க வந்து பாரு. தொட்டுட்டேன்,” என்று கூப்பிட்டார்.

சாந்தாமணி வந்து பார்த்தாள். அவர் முகம் வெகு நாளைக்குப் பிறகு பக்கத்தில் இருந்தது. காது மடலில் ஒரு மச்சம் இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. காப்பியைச் சூடு பண்ணிக்கொண்டு திரும்பி வந்தபோது மொசைக் அவர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

“இன்னும் எறங்குதாட்டம் இருக்குது,” என்றார் நாச்சிமுத்து.

அவள் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தாள். அவள் கைக்கு அது கெட்டியான மொசைக்காகத்தான் இருந்தது. அவர் காலுக்கு மட்டும் அது இல்லாமல் போயிருந்தது. அந்தக் காப்பியை அவரும் குடிக்கவில்லை, அவளும் குடிக்கவில்லை.

சற்று நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து லோகநாயகி அக்காவின் குரல் வந்தது. அவர்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர்.

“சாந்தாமணி, உங்க ஊட்டுக்காரரு காலு எங்க பூஜை ரூமுக்குள்ள வருது கண்ணு. சாமி படத்துக்கு நேர் மேல வருது. ஷூவை மட்டுமாச்சும் கழட்டீரச் சொல்லு.”

சாந்தாமணி கீழே போய் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையிலிருந்து தொங்கிய பாதங்களிலிருந்து மெல்லிய ஷூவைக் கழற்றினாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். லோகநாயகி அக்கா முருகன் படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி மாட்டினார். ஷூ இல்லாமலும் கால்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. இறங்கப் பழகிய கால் அப்படித்தான்.

மேலே ஓடினால் அவர் முகம், கீழே ஓடினால் அவர் கால். அன்றைக்கு முழுக்க அவள் படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் இருந்தாலும் மறுபக்கம் தனியாகக் கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது.

“பயமா இருக்குதுங்களா?” என்று மேலே வந்து கேட்டாள்.

“இருக்குது,” என்றார். “நீ எங்கியாச்சும் ஒரு பக்கமா உக்காரு. நீ ஓடறதைப் பாத்தாத்தான் சாஸ்தியா இருக்குது.”

திருமூர்த்தி வந்து மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு வழி சொன்னார். இறங்குகிறவரை ஆள் வைத்து இழுத்தாலும் இறங்கும் இடத்தை விட்டு நகரமாட்டார், அது ஊரறிந்தது. ஆகவே பழைய மெத்தை ஷூவை மாட்டிவிட வேண்டும். மெத்தைக்கு இறங்குவது பிடிக்காது, வேகத்தைக் குறைக்கும். அதற்குள் பூஜை அறைத் தரையை உடைத்து மண்ணைத் திறந்துவிட வேண்டும். கால் மண்ணுக்கு வரும் நேரம் பார்த்து மெத்தையைக் கழற்றிவிட்டால், வெறுங்கால் மண்ணைக் கண்டு நின்றுவிடும்.

சாந்தாமணி அப்போதே மெத்தை ஷூவை மாட்டினாள். நழுவிவிடுமோ என்ற பயத்தில் லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டாள். அதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

தரையை உடைப்பதில்தான் சிக்கல் வந்தது. பூஜை அறைக் கல் போன வைகாசியில்தான் பதித்தது.

“கல்லு போனாப் போகட்டும் கண்ணு, நான் அதுக்குச் சொல்லுலே,” என்றார் லோகநாயகி அக்கா. “ஆடி மாசத்துல பூஜை ரூமுல கடப்பாரை போடறதா? நாலு நாள்ல ஆவணி பொறக்குது. மொத நாளே ஒடைச்சுக்கலாம். அவருதான் இப்ப மெதுவாப் போறாரே.”

அது நியாயமாகத்தான் எல்லோருக்கும் பட்டது. சாந்தாமணிக்கும் பட்டது. ஆடியில் எதைத் தொட்டாலும் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். ஆனாலும் போய் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மொசைக் அவர் மோவாய்க்கு வந்தபோது, “வீட்டைப் பூட்டீட்டுக் கீழ வந்துரு. கேஸை மூடிப்போட்டு வா,” என்றார். பிறகு வாய் போனது, கண் போனது. அவள் தலைமுடியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கைக்கடியில் மொசைக் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தை ஒரு தடவை துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

பூஜை அறையில் அவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, முழுசாக, ஒரே இடத்தில் இருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் அவர் அங்கேயே சாப்பிட்டார். அக்கா விளக்கேற்ற வரும்போது காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். மெத்தை கல்லைத் தொட்டு அங்கேயே நின்றதுபோலவும் இருந்தது. ஆடி முடிய ஒரு பகல் மிச்சம். அந்தப் பகலில்தான் மெத்தை அமுங்கி, கல்லுக்குள் போனது. ஆவணி முதல் தேதி காலை, தேங்காய் உடைத்துக் கடப்பாரையைப் போட்டபோது அவர் முட்டி வரைக்கும் உள்ளே இருந்தார்.

கல்லை எடுத்ததும் கரிசல் மண் தெரிந்தது. நல்ல மண். ஆனால் கால் மெத்தைக்குள் இருந்தது. அதற்கு மண் தெரியவில்லை.

“லேசை அவுத்தாப் போதும்,” என்று திருமூர்த்தி தோண்டினார். லோகநாயகி அக்காவின் புருஷனும் தோண்டினார். தோண்டத் தோண்ட நாச்சிமுத்துவும் போய்க்கொண்டிருந்தார். குழி ஒரு ஆள் ஆழத்துக்கு வந்தது. அதன் அடியில் அவர் மார்பு வரைக்கும் மண்ணுக்குள் நின்றார். சாந்தாமணி குழிக்குள் இறங்கி, சுற்றியுள்ள மண்ணைக் கையாலேயே வாரினாள். நகமெல்லாம் மண். அந்த முடிச்சைப் போட்ட கை இதுதானே என்று அவளுக்குத் தன் கையின் மேலேயே வெறுப்பாக வந்தது.

“ஏனுங்க, போயிராதீங்க,” என்றாள். “நான் தனியா என்னங்க பண்ணுவேன்?”

நாச்சிமுத்து கையைத் தூக்கினார்.

“கீழ ஆரோ லேசை அவுக்கறாங்க,” என்றார்.

திருமூர்த்தி கடப்பாரையை ஓரமாகச் சாய்த்து வைத்தார். “எந்தக் காலுங்கண்ணா?”

“வலது காலு.” கொஞ்ச நேரம் கவனித்தார். “பதனமா, மெதுவாத்தான் அவுக்கறாங்க. முடிச்சு ரொம்பக் கெட்டியா இருக்குதாம். ஆரு போட்டதுன்னு கேக்கறாங்க.”

“நாந்தான்னு சொல்லுங்க,” என்றாள் சாந்தாமணி.

அவர் குனிந்து மண்ணிடம் சொன்னார். மண் அவர் தோளுக்கு வந்திருந்தது. மேலே இருந்த ஒரு கையை அவள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். லோகநாயகி அக்கா குழியோரம் உட்கார்ந்து, கீழே இருப்பவர்கள் தண்ணீர் ஏதாவது குடிப்பார்களா என்று கேட்டார்.

“ஒரு காலு கழட்டியாச்சு. வேற ஒண்ணு போட்டு உடறாங்க,” என்றார் நாச்சிமுத்து. “சரியா இருக்குது.” பிறகு தலையைச் சாய்த்து வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

“அம்மணி, உனக்கு எத்தனாம் நம்பருன்னு கேக்கறாங்க.”

சாந்தாமணி தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள்.

“ஆறு,” என்றாள். “பாதம் கொஞ்சம் அகலம்னு சொல்லுங்க.”