விற்றது விற்றதுதான்

“ராத்திரி நல்லாத் தூக்கம் வருமா உங்களுக்கு?”

“என்னது?”

“தூக்கம். படுத்ததும் தூங்கிருவீங்களா, இல்ல முழிச்சுக்கிட்டே கெடப்பீங்களா?”

“மேடம், நான் துப்பாக்கி வாங்க வந்திருக்கேன். நீங்க பொண்ணு குடுக்கப்போற மாதிரி விசாரிக்கறீங்களே.”

அந்த இளைஞன் சிரித்தான். ரோண்டா சிரிக்கவில்லை. தீவனக் கடையின் பின்பக்கம், மூட்டை ஏற்றும் இடத்தில், காரின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பழைய கம்பளியில் சுற்றிய வேட்டைத் துப்பாக்கி இருந்தது. அவன் அதை ஏற்கெனவே எடுத்துப் பார்த்து, குண்டு இல்லை என்று உறுதி செய்து, தோளில் வைத்து எதிரே தெரிந்த மலையைக் குறிபார்த்துவிட்டு, திருப்தியோடு திரும்ப வைத்திருந்தான். பெயர் டஸ்டின் என்றான். கேட்காமலே ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினான். பென்சில்வேனியாதான், பக்கத்து மாவட்டம். அவள் அந்த அட்டையைத் தேவைக்கு மேல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்த முகத்தில் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

கைத்துப்பாக்கியாக இருந்தால் இருவரும் ஒரு கடைக்குப் போய் நிற்கவேண்டும். கடைக்காரர் தொலைபேசியில் யாரையோ அழைத்து, இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பார். நீளக் குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர், ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் துப்பாக்கி, முடிந்தது. உரிமத்தைக் காட்டுவதுகூட மரியாதைதான், சட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசையில் யார் உட்காருவார்கள் என்று தெரிந்திருப்பதைப்போல இதுவும் ரோண்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது போதாது என்று இந்த வருடம்வரை அவளுக்குத் தோன்றியதில்லை.

“வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“பொண்டாட்டி, மாமியா, ரெண்டு நாயி. அதுல மாமியா மட்டுந்தான் கடிக்கும்.”

நல்ல சிரிப்பு. கன்னத்தில் குழி விழுந்தது. அவளுடைய தம்பி கர்ட்டும் இப்படித்தான் பேசுவான். மார்ச் மாதத்தில், அந்த வாரம் முழுக்கவும் அவன் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான். மர மில்லில் அவனோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் பிறகு அதையே சொன்னார்கள்: சிரிச்சுக்கிட்டேதான இருந்தான்! ரோண்டாவின் கை தானாகவே கம்பளியை இழுத்துத் துப்பாக்கியை மூடியது.

“இல்லப்பா. மன்னிச்சுக்க. விக்கல.”

“வெல பத்தலையா? இன்னும் கொஞ்சம் சேத்துத் தரேன்.”

“வெல இல்ல.”

“அப்புறம் எதுக்கு கடைல சீட்டு ஒட்டுனீங்க? நாளைக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பிக்குது. இவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டு வந்திருக்கேன்.” கோபப்பட ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். குரல் இறங்கியது. “யாராவது தவறிட்டாங்களா? எங்க அத்தையும் இப்படித்தான். மாமா போனப்புறம் அவரோட பூட்ஸக்கூட யாருக்கும் குடுக்கமாட்டேன்னுட்டாங்க.”

“சாகல,” என்றாள் ரோண்டா. “உயிரோடதான் இருக்கான்.”

டஸ்டின் பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “அப்ப அவர்கிட்டயே குடுத்துருங்க மேடம்,” என்றான் நல்ல மனத்தோடு. வண்டியைக் கிளப்பிப் போகும்போது கையும் அசைத்தான்.

அவள் சீட்டைக் கிழித்துவரக் கடைக்குள் போனாள். கோழித் தீவனமும் ரப்பரும் கலந்த வாசனை. அறிவிப்புப் பலகையில் ஆட்டுக்குட்டிகள், பனி அள்ளும் இயந்திரம், காணாமல்போன பூனை இவற்றுக்கு நடுவே அவள் கையெழுத்து. கல்லாவிலிருந்து மெர்ல் எட்டிப்பார்த்தார்.

“என்ன, வித்துருச்சா?”

“இல்ல. எடுத்துடறேன்.”

“புதன்கிழம கர்ட் வந்தான். இந்தச் சீட்டு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தான். நான்கூட ‘என்னடா, உன் அக்கா உன் துப்பாக்கிய விக்கறாளா, நீ வச்ச குறி ஒண்ணும் படலைன்னு ஊரே பேசுதே, அதனாலயா’ன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“சிரிச்சான். பறவைக்குப் போட ஒரு மூட்டை சூரியகாந்தி விதை வாங்கிட்டுப் போனான்.”

புதன்கிழமை. நேற்று வியாழன், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்து அவள் மேசையில் உட்கார்ந்து வான்கோழியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாத்திரம் துடைத்துக் கொடுத்தான். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் வழியில் அவள் வானொலியைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். எட்டு மாதமாக எல்லாமே இப்படித்தான். துப்பாக்கியை முதலில் துணி அலமாரியில் வைத்தாள். பிறகு துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். பிறகு பரண்மேல். எங்கே வைத்தாலும் அது இருக்கும் திசை அவளுக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது, வாயில் பல் விழுந்த இடம் நாக்குக்குத் தெரிவதுபோல. கடைசியில் கார் டிக்கிக்கு வந்தது. பால் வாங்கப் போனாலும் கூடவே வந்தது.

மார்ச்சில் அவனேதான் கூப்பிட்டான். “அக்கா, கொஞ்சம் வர்றியா, இத எடுத்துட்டுப் போயிரு,” என்று மட்டும் சொன்னான். அவள் போனபோது கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மடியில் இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குளிர் பாவாடை வழியே ஏறியது. வெகுநேரம் கழித்து அவன் அதை அவள் பக்கம் நீட்டினான். வைத்திருந்து தருகிறேன் என்று அவள் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தான். “வச்சிருக்கக் குடுத்தா நாளைக்கே வந்து கேப்பேன். காசு குடுத்து வாங்கிக்க. வித்தா வித்ததுதான்.” கைப்பையில் இருந்த ஒரே நோட்டு, இருபது டாலர். அவன் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கள்ள நோட்டு இல்லையே என்றான். அப்போதும் ஒரு ஜோக்.

அங்கிருந்து நேராக மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சேர மாட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தான். ஒரு பெண் மருத்துவர் ரோண்டாவைத் தனியே அழைத்துப்போய்ப் பொறுமையாக விளக்கினார். உங்கள் தம்பியாகவே சம்மதித்துச் சேர்ந்தால் அது அவருக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம். மறுத்தால் நாங்கள் வலுக்கட்டாயமாகச் சேர்க்கவேண்டியிருக்கும். அது காவல்துறைப் பதிவுக்குப் போகும். அதற்குப் பிறகு துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. ரோண்டா உள்ளே ஓடினாள். தம்பியின் காதருகே குனிந்தாள். “டேய், கையெழுத்துப் போட்டுரு. இல்லாட்டி இனிமே உனக்கு மான் சீசனே கெடையாது.” மற்ற எதற்கும் அசையாதவன் அதற்கு அசைந்தான். பேனாவை வாங்கினான்.

அன்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: இந்த மலையில் நவம்பர் கடைசியில் காட்டுக்குப் போகாத ஆண், கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவன் மாதிரி. அவனுக்கு அதையாவது மிச்சம் வைக்க நினைத்தாள். மிச்சம் வைத்தாள். இப்போது சட்டத்தின் கண்ணில் கர்ட் எந்தக் குறையும் இல்லாத மனிதன். எந்தக் கடையிலும் யாரும் அவனிடம் தரமுடியாது என்று சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டுமென்றால் அவள்தான் சொல்லவேண்டும்.

அவள் வீட்டு முற்றத்தில் கர்ட்டின் வண்டி நின்றது. கூரை ஓரத்தில் ஏணி போட்டு, மழைநீர் ஓடும் தகர வாய்க்காலில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இறங்கிவந்தான். கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் சமையலறைக்குள் போனான். குளிர்பெட்டியிலிருந்து முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கியதை எடுத்து, சூடாக்காமல் நின்றபடியே தின்னத் தொடங்கினான். இளைத்திருந்த உடம்பு திரும்பியிருந்தது. மாத்திரையை மறப்பதில்லை. மில்லில் பழைய வேலையே கிடைத்துவிட்டது. அவள் எல்லாவற்றையும் கூட்டிப்பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

“வித்துட்டியா?” என்றான் வாயில் உணவோடு.

“இல்ல.”

“ஏன், ஆளு சரியில்லையா?”

“உன்ன மாதிரியே ஜோக்கடிச்சான்.”

கர்ட் சிரித்தான். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கொஞ்சநேரம் முள்கரண்டியால் முட்டைக்கோஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினான்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல பசங்க வந்துருவாங்க, வேட்டைக் கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போக. துப்பாக்கி இல்லாம வர்றவன்தான் சமையல். அது சட்டம். போன வருஷம் கை ஒடிஞ்ச ரேயையே விடல.”

“சமைச்சா என்ன? நீ நல்லாத்தான் சமைப்ப. குறி தவறினவன் சட்டை வால வெட்டிச் சுவர்ல மாட்டுவாங்களே, அதுலேந்தாவது தப்பிப்ப.”

“என் சட்டை வாலு கேம்ப் சுவர்ல ஏற்கெனவே நாலு தொங்குதுக்கா. அஞ்சாவதுக்கு இடம் வச்சிருக்கானுங்க.”

அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள். கழுவ ஒன்றும் இல்லை. தன் வாயிலிருந்து அடுத்து வந்தது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. “அப்ப கடைல போய் புதுசா ஒண்ணு வாங்கிக்கயேன். உன்ன யாரு தடுத்தா?”

“போனேன்.”

அவள் திரும்பினாள்.

“புதன்கிழம. மெர்ல் கடைல உன் சீட்டப் பாத்ததும் கோவம். நேரா டவுன்ல துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கேள்வியெல்லாம் கேட்டாங்க. வலுக்கட்டாயமா ஆஸ்பத்திரில போட்டாங்களான்னு ஒண்ணு. இல்லன்னேன். நெசந்தான? கடைக்காரன் ஃபோன் போட்டான். அவன் குடுத்த காப்பி ஆறக்கூட இல்ல, ‘சரி சார், எடுத்துக்கிட்டுப் போலாம்’னுட்டான்.”

“வாங்கிட்டியா?”

“கைல எடுத்தேன்.” அவன் தன் கைகளைப் பார்த்தான். “அவன் சரின்னதும் எனக்குப் பயம் வந்துருச்சுக்கா. இந்த ஆளுக்கு என்னப் பத்தி என்ன தெரியும்? ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு என்ன தெரியும்? பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“உனக்கு ஏதுடா பொண்டாட்டி?”

“அதான் வாய்ல வந்துச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று தீர்ந்துபோனது, நனைந்த விறகில் பற்றிய தீயைப்போல. அவள் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கார் சாவி இன்னும் அவள் கையில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயற்சி செய்கிறானா, உண்மையிலேயே அதில் நாட்டமில்லையா என்று அவளால் சொல்லமுடியவில்லை.

“நான் நல்லாத்தான் இருக்கேன்னு எனக்குத் தோணுது,” என்றான் மெதுவாக. “ஆனா அன்னிக்கு முந்தின வாரமும் எனக்கு அப்படித்தான் தோணிச்சு. எனக்குள்ள இருந்து பாத்தா தெரிய மாட்டேங்குது. அன்னிக்குக் கொட்டகைல நீதான் பக்கத்துல இருந்த. என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும்.”

வெளியே வண்டி வந்து நின்றது. நீளமாக ஹாரன் அடித்தார்கள். வேலிக்கு மேலே ஆரஞ்சு நிறத் தொப்பிகள் தெரிந்தன. “கர்ட்! உருளைக்கிழங்கு உரிக்கற கத்திய மறந்துராத!” என்று யாரோ கத்தினார்கள். மற்றவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். தலைமுடி ஒரு பக்கம் படிந்து இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, ஜன்னலிலிருந்து விழுந்த மாலை வெளிச்சம் முழுவதும் தன்மேல் படும்படி முகத்தை அவள் பக்கம் உயர்த்தினான். சிரிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டவும் இல்லை.

“நல்லாப் பாரு. பாத்துட்டு, குடுக்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லுக்கா.”