புதுச் சட்டியில் சைவச் சாப்பாடு

ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டுவிட்டால், அது முடியும்வரை பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி கிடையாது. இதை என் மகள் சுவேதினி சொல்லுவாள். நண்டுக் கம்பனியில் எனக்குக் கீழே சதை பிரிக்கிற இருபத்தெட்டுப் பெண்களும் சொல்லுவார்கள், என் முகத்துக்கு நேரே அல்ல. அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வாரம் என்னால் நிம்மதி இழந்தவர் ஜவாஹிர் நானா.

மன்னார் நகரத்தில் கலையரங்கத்துக்கு நேர் எதிரே இருக்கிறது அவருடைய சாப்பாட்டுக் கடை. தாராபுரத்துக் குடும்பம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டுக் கலைக்கப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்து கடையைப் போட்டவர். தேத்தண்ணிக் கடை என்றும் சொல்ல முடியாது, வெள்ளைக்காரர் வந்து இறங்குகிற ஹோட்டல் என்றும் சொல்ல முடியாது. மேசைக்கு மேலே கண்ணாடி, தலைக்கு மேலே ஃபேன், கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம், அச்சடித்த விலைப்பட்டியல். அரங்கத்தில் நிகழ்ச்சி இருக்கிற நாளில் அங்கே கதிரை கிடைக்காது. நான் ஐந்து நாளுக்கு முன்பே போய் யன்னலோரத்து மேசையைப் பிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அரங்கத்தில் சுவேதினியின் பரதம். அதைப் பார்க்க உயிலங்குளத்திலிருந்து சிவபாக்கியம் அக்காவை அழைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் நடனம் ஒரு சாட்டு. எனக்கு வேண்டியதெல்லாம் அவரை நல்லதொரு கதிரையில் இருத்தி, ஒருவரும் அவசரப்படுத்தாமல், ஒருதரம் வயிறு நிறையச் சாப்பிட வைப்பதுதான். ஐந்து வருடமாக மனதில் கிடந்த ஆசை அது.

சண்டை முடிந்த கையோடு எங்களை அடைத்து வைத்த அகதி முகாமில் நாங்கள் இருவரும் ஒரே கூடாரம். நான் விடத்தல்தீவில் வெளிக்கிட்டு, வழியில் என் மனிசன் அலெக்ஸாண்டரைப் பறிகொடுத்து, பன்னிரண்டு வயது சுவேதினியோடு அங்கே வந்து சேர்ந்தவள். சிவபாக்கியம் அக்கா தனியாக இருந்தார். அவருடைய மகன் பிரசாந்தனை வேறொரு முகாமுக்குப் பிரித்துக் கொண்டு போயிருந்தார்கள். எட்டு மாதம் ஒரே தறப்பாளுக்குக் கீழே படுத்தோம்.

சாப்பாடு பொதுச் சமையல். மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு எழும்ப வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மீன், ஆளுக்கு ஒரு துண்டு. சுவேதினி அப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். மீன் வருகிற நாளெல்லாம் அக்கா தன் துண்டை இரண்டு விரலால் தூக்கி, குழம்பை உதறி, அவளுடைய தட்டில் வைப்பார்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் சைவம்."

பிறகு மிச்சக் குழம்புச் சோற்றைக் குழைத்து, மணிக்கு முன்னால் மளமளவென்று சாப்பிட்டு முடிப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "இந்தத் தறப்பாளுக்குள்ளயும் ஆசாரமோ அக்கா? சாமி வந்து எட்டிப் பாக்கப்போகுதே?" அவர் சிரித்தார், அவ்வளவுதான். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய மீனைத் தின்று என் பிள்ளை தேறிக்கொண்டிருந்தாள், நான் அவரை நக்கலடித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆகையால் அந்தச் சனிக்கிழமை அவருடைய ஆசாரத்துக்கு ஒரு தூசி குறையக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"நானா, மீன் கண்ட சட்டியில அவவுக்கு ஒண்டும் சமைக்கக்கூடாது" என்றேன்.

ஜவாஹிர் நானா கணக்கு மேசையிலிருந்து என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தங்கச்சி, என்ட கடைக்குச் சனம் வாறதே மீனுக்கும் நண்டுக்கும்தான். நண்டுக் கம்பனியில இருந்து வந்து நீங்க என்னட்டச் சைவம் கேக்கிறீங்க."

"கேக்கிறன். தருவீங்களோ, மாட்டீங்களோ?"

"தாறன், தாறன். சத்தம் போடாதீங்க, சாப்பிடுற ஆக்கள் பயந்திருவாங்க."

அடுத்தநாள் நானே ஒரு புதுச் சட்டியும் புது அகப்பையும் வாங்கிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் போய் எண்ணெய் புதுப் போத்தலா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை போனபோது என்னைக் கண்டதும் சமையல்காரர் பின்கதவால் வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அக்காவும் பிரசாந்தனும் பஸ்ஸால் வந்து இறங்கினார்கள். அக்கா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, கையில் ஒரு பூசணிக்காயோடு வந்தார். முகாமில் படத்தில் மட்டும் நான் பார்த்திருந்த பிரசாந்தன், இப்போது உழவு மெஷின் ஓட்டுகிற, மீசை வைத்த ஆம்பிளை. இருவரையும் யன்னலோரம் இருத்தினேன். பக்கத்து மேசையில் இரண்டு பள்ளிக்கூட ரீச்சர்மார் நண்டுக் கறியோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையள், குறை நினையாதேங்கோ. கொஞ்சம் அங்கால மேசைக்கு மாறுறீங்களோ? இவ சைவம்."

அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு மாறினார்கள். நான் கேட்கிற விதத்தில் கேட்டால் மாறத்தான் வேண்டும். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அருளம்மா, இங்க பார்..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ அக்கா. இண்டைக்கு எல்லாம் நான் பாக்கிறன்."

சுவேதினியும் அரங்கத்திலிருந்து தெருவைக் கடந்து ஓடிவந்தாள். தலை முடித்து, கண்ணுக்கு மை தீட்டி, விரல் நுனிகளில் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். முதல் நிகழ்ச்சியே அவளுடையது என்பதால் இரண்டரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவளுடைய ரீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். "பெரியம்மா" என்று அக்காவைக் கட்டிப்பிடித்து, சாயம் சேலையில் படாமல் கையை மேலே தூக்கிக்கொண்டாள்.

சாப்பாடு வந்தது. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணி, உருளைக்கிழங்குப் பிரட்டல், முருங்கைக்காய், அப்பளம், ரசம். எல்லாம் புதுச் சட்டி, புது எண்ணெய் என்று நான் ஒவ்வொன்றாக அறிவித்தேன். "நல்லாயிருக்கு" என்று அக்கா சொன்னார். சொன்னாரே தவிர, கை மெதுவாகத்தான் போனது. பக்கத்தில் பிரசாந்தன் கழுத்தை நீட்டி மற்ற மேசைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான்.

"அண்ணை, விளைமீன் இருக்கோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தம்பி! அம்மாவுக்கு முன்னாலயோ?"

"அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அன்ரி கேக்கிறன்" என்றான் அவன். "மன்னாருக்குப் போனால் நல்ல கடல் மீன் சாப்பிடலாம் எண்டு பஸ்ஸில வரேக்க முழுக்க அவ இதே கதைதான்."

"அம்மா சைவமெல்லோ?"

"ஆர், அம்மாவோ?" அவன் சிரித்தான். "வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் மீன் இல்லாட்டி அவவுக்குச் சோறு இறங்காது."

"டேய், வாயை மூடடா" என்றார் அக்கா. ஆனால் அவன் சொல்லி முடித்திருந்தான். முகாமில் நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் மூன்று பேரும் ஏன் சாப்பிடாமல் இருக்கிறோம் என்று விளங்காமல், சிரித்த முகத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்தான்.

எனக்கு அந்தக் குழம்புச் சோறு நினைவுக்கு வந்தது. ஒரு நண்டை மூக்குக்குக் கிட்டே பிடித்தால், அது கடலைவிட்டு எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்று சொல்லுகிறவள் நான். எட்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துண்டை எடுத்து என் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்த மீன் கிடந்த குழம்பை ஒரு சொட்டு விடாமல் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டவர் எப்படிச் சைவமாக இருக்க முடியும்? துண்டை எடுத்துவிட்டால் மிச்சம் சைவம் என்று நினைத்திருக்கிறேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சைவத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மடைத்தனத்தோடு அவரைப் பார்த்து ஆசாரமோ என்று வேறு கேட்டிருக்கிறேன்.

வெட்கம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏன் அக்கா பொய் சொன்னீங்கள்?"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் பதறவில்லை. "உள்ளதைச் சொல்லியிருந்தால் அவளை வாங்க நீ விட்டிருப்பியோ? ஒவ்வொருக்காலும் உன்னோட சண்டை பிடிச்சுத்தான் அவளுக்குக் குடுத்திருக்கோணும். அதுக்கெல்லாம் எங்க நேரம்? மணி அடிச்சிடும். சைவம் எண்டால் ஒரு சொல்லோட முடிஞ்சுது."

அவர் சொன்னது சரி, நான் வாங்க விட்டிருக்க மாட்டேன். கண்ணை முந்தானையால் ஒருதரம் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே சமையலறைக்குப் போனேன்.

"நானா! இருக்கிறதுக்குள்ள பெரிய விளைமீன் எது?"

ஜவாஹிர் நானா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப மற்றச் சட்டியெல்லாம் அடுப்பில. சும்மா இருக்கிறது நீங்க தந்த சைவச் சட்டி ஒண்டுதான்."

"அதிலயே போடுங்கோ."

"அல்லாவே" என்றார் அவர். ஆனால் போட்டார். நான் திரும்பி வந்தபோது, இனித் தங்கள் மேசைக்கு வரலாமா என்று அந்த ரீச்சர்மார் கேட்டார்கள். வரச் சொன்னேன். அக்கா அவர்களுடைய நண்டை இப்போது ஒளிக்காமல் பார்த்தார்.

மீன் வர அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வந்தது ஒரு முழு விளைமீன், புளி விட்டு வைத்த சிவந்த குழம்பில். நடுத்துண்டு, கொழுப்போடு கிடந்ததை, நானே எடுத்து அக்காவின் தட்டில் வைத்தேன். அக்கா சோற்றில் குழம்பை விட்டார். பிறகு அவருடைய கை தானாகப் போய் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கி, குழம்பை உதறி, சுவேதினியின் தட்டுப் பக்கம் கொண்டுபோனது. அவர் யோசித்துச் செய்யவில்லை. ஐந்து வருடம் கழித்தும் அந்தக் கைக்கு வழி தெரிந்திருந்தது.

சுவேதினி சிவப்பு விரல்களை விரித்துத் தன் தட்டை மூடினாள்.

"எனக்கு வேண்டாம் பெரியம்மா. நான் சைவம்."

சொல்லிவிட்டு மை கரையாமல் இருக்க மேலே ஃபேனைப் பார்த்தாள். அக்கா அந்தத் துண்டை அப்படியே பிடித்தபடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் திருப்பிக்கொண்டுவந்து தன் தட்டில் வைத்தார். முள்ளை விலக்கி ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அந்த ஒரு வாயைப் பார்த்ததில் வந்த சந்தோஷம் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

அவர் இரண்டாவது வாய் எடுக்கும்போது எதிரே அரங்கத்தில் முதல் மணி அடித்தது. நீளமாக, தெரு முழுக்கக் கேட்டது. சுவேதினி திடுக்கிட்டு எழும்பினாள். அதைவிட வேகமாக அக்காவின் கை சோற்றை அள்ளத் தொடங்கியது. முள் பார்க்கவில்லை, மெல்லவில்லை, தலை குனிந்தபடி மளமளவென்று வாய்க்குள் போட்டார். பிரசாந்தன் திகைத்துப்போய்த் தாயைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன். மகளைப் பார்த்து, "நீ இரு" என்றேன். அவள் திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

"மணி அடிக்கட்டும் அக்கா. முதல் ஆட்டக்காரி எங்கட மேசையில இருக்கிறாள், அவையள் ஆரை வைச்சுத் தொடங்கப்போகினம்? முள்ளைப் பாத்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ."