நடவுக்கு ஆள் தேவை

விளம்பரம் எழுதச் சொன்னால் ஏழாம் வகுப்பு மேடையேறிவிடுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று ஒருவன். சோப்புக்கு 'தாய்மார்களே, பெரியோர்களே' என்று இன்னொருத்தி. ஆட்சி மாறி ஒரு வருஷமாகியும் ஊரில் மைக் செட் ஓயவில்லை. பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? ஆனாலும் அரசப்பன் வாத்தியாருக்கு மண்டை காய்ந்தது.

"எண்ணெய் வாங்க எவன்டா ஊர்வலம் போவான்?" என்றார். "வாங்குறவனுக்கு எது இல்லன்னு பாருங்க. அதை மட்டும் சொல்லுங்க. கத்தாதீங்க."

நாலு நாள் தொண்டை வற்றியதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமையும் ஊறுகாய்க்கு 'வாழ்க' போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். செவ்வந்தி மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. அவளையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

செவ்வந்தியின் அம்மா அம்சத்துக்கு நடவு வேலை. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு, ஊர்ப் பெண்கள் பத்து நாளாக வயலில் இறங்கவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் மிராசுதார் வழிக்கு வந்தாக வேண்டும். வெளியூர் ஆள் வந்தால் எல்லாம் போச்சு.

திங்கட்கிழமை காலை வந்துவிட்டார்கள். ரயிலில், பிள்ளைகுட்டியோடு, அறுபது பேர்.

பத்து மணிக்கு அம்சம் வகுப்பு வாசலில் நின்றாள். கையில் சுவரிலிருந்து கிழித்த தாள்.

"பூதலூர் ஸ்டேஷன்ல ஒட்டியிருந்துச்சு சார். வந்தவங்க ஊர் ஸ்டேஷன்லயும் இதேதானாம். எனக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை சனம் கெளம்பி வர்ற மாதிரி அப்படி என்ன எழுதியிருக்கு?"

குண்டு குண்டான எழுத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தார். செவ்வந்தி எழுந்து நின்றிருந்தாள்.

"வீட்ல அடுப்பே எரியல சார்," என்றாள். "மிராசுதாரோட வயல் வேலையைப் பாக்குற காரியக்காரரு ஒரு படி அரிசி குடுத்து எழுதச் சொன்னாரு."

அம்சம் மகள் பக்கம் திரும்பவில்லை. "அந்த அரிசிய சித்தி குடுத்துச்சுன்னு சொன்னா," என்று முணுமுணுத்தாள். பிறகு, "படிங்க சார்."

படித்தார். 'நடவுக்கு ஆள் தேவை. ரயில் சார்ஜ் எங்களுடையது. வந்து இறங்கியதும் சோறு. பிள்ளைகளையும் கூட்டி வரலாம். அவர்களுக்கும் வயிறு நிறையப் போடுவோம்.'

ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. வாரம் முழுக்கக் கத்தியது இதற்குத்தானா என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அம்சம் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள்.

"நானா இருந்தாலும் ரயிலேறியிருப்பேன் சார்," என்றாள்.