விளிம்பில் நின்ற பச்சை

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த ரக்ஷனா, நம்பாமல் குவியத்தை மறுபடி திருகிப் பார்த்தாள். செல்லின் நடுவே, உட்கருவுக்குள் ஒளிர வேண்டிய பச்சை, அவள் ஆராயும் புரதத்தின் அடையாள ஒளி, விளிம்பில் மோதிரம்போல் வட்டமிட்டு நின்றது. அந்தப் புரதம் உட்கருவில்தான் வேலை செய்கிறது என்று நம்பித்தான் அவளுடைய ஆய்வேடே நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தப் புரதத்துக்கான மரபணுவை அவளுக்காக நகலெடுத்து வைத்தவன் பக்கத்து மேசை அர்ஃபான். நேராக அவன் மேசைக்குப் போனாள்.

"என் டியூப்ல என்னத்தப் போட்டே?"

"உன் ஜீனைத்தான் லா. ஃபேரர் பார்க் கடை பிரியாணியவா போடுவேன்?"

"விளையாடாத! மொத்தமா கெடுத்துட்டே."

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. எதற்கும் பதில் ஜோக் வைத்திருப்பவன் குனிந்து தன் குழாய்களை அடுக்கத் தொடங்கினான்.

செல்களைக் குப்பையில் போடுமுன், ஒரு சந்தேகத்துக்காக நகலின் மரபணு எழுத்து வரிசையைத் திரையில் ஓடவிட்டாள். ஒரு பிழைகூட இல்லை. நடுவில் மட்டும் ஒரு துண்டைக் காணோம், கத்தரித்ததுபோல் சுத்தமாக.

"எந்த சாம்பிள்ல எடுத்தே?"

"கல்லீரல் சாம்பிள் தீர்ந்துபோச்சு. உன்னை எழுப்ப வேணாம்னு மூளை சாம்பிள்ல எடுத்தேன். ஒரே ஜீன்தானே?" முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஒரே மரபணுதான். ஆனால் அதன் செய்தியைச் செல் வெட்டி ஒட்டும்போது, கல்லீரல் வைத்துக்கொள்ளும் துண்டை மூளை விட்டுவிடுகிறது. உட்கருவுக்குப் போகச் சொல்லும் முகவரி அந்தத் துண்டில்தான் இருக்க வேண்டும். நிரூபித்தாக வேண்டுமே! வேறிடத்தில் கல்லீரல் சாம்பிள் வாங்கி, அதிலிருந்து எடுத்த நகலுக்குச் சிவப்பு ஒளி கொடுத்து, இரண்டு நகலையும் ஒரே செல்லில் செலுத்தினாள். அந்த வேலை முடியும்வரை அர்ஃபான் 'மார்னிங்' என்றதோடு சரி; சாப்பிடவும் தனியாகவே போனான். அவளும் அவன் திரும்பிய பிறகே சாப்பிடக் கிளம்பினாள்.

கடைசியில் படம் தெரிந்தது. ஒரே செல். நடுவில் சிவப்பு, விளிம்பில் பச்சை: ஒரே மரபணு, இரண்டு முகவரி.

"அர்ஃபான், இங்க வாயேன்."

"என்ன, மறுபடி கெடுத்துட்டேனா?"

"ஆமா. தீசிஸ்ல ஒரு சேப்டர் கூடிப்போச்சு." நுண்ணோக்கியை விட்டு விலகி அவனுக்கு இடம்விட்டாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது டா."

அவன் நுண்ணோக்கி இருந்த இருட்டறைக்குள் வந்து குனிந்தான். மூக்குக்கண்ணாடி நுண்ணோக்கியில் இடிக்கவே, அதைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலேயே அவள் பக்கம் நீட்டினான். ரக்ஷனா வாங்கி, சட்டை நுனியால் மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள்.